நரம்புக் குருத்தணுவும் ஆர்.ஓ.எஸ். விதியும்: ஒரு திறனாய்வு

நரம்புக் குருத்தணு தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவை உருவாக்கவும் வல்லது, நியூரானாகவோ அதைத் தாங்கி நிற்கும் கிளையா செல்லாகவோ மாறவும் வல்லது. இவற்றுள் எந்த வழியில் அது செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாக, செல்லுக்குள் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் இன்று கருதப்படுகின்றன. இவற்றின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஆர்.ஓ.எஸ். என்பதே கல்லூரிகளில் வழங்கும் சொல்.

இதுகுறித்து இரண்டு கூற்றுகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, மருந்துக் கடைகளிலும் உடல்நலப் பக்கங்களிலும் காணப்படுவது: ஆர்.ஓ.எஸ். ஒரு நஞ்சு, அது மூளைச் செல்களை அரிக்கிறது, ஆன்டிஆக்சிடன்ட் உட்கொண்டால் மூளை காக்கப்படும். இரண்டாவது, உயிரித் தொழில்நுட்ப மாணவர்களின் கருத்தரங்குக் கட்டுரைகளில் காணப்படுவது: ஆர்.ஓ.எஸ். குறைவாக இருந்தால் செல் குருத்தணுவாகவே இருக்கும், கூடினால் நியூரானாக மாறும். முதல் கூற்று அரைகுறையானது என்பதை மாணவர்கள் அறிவார்கள். இரண்டாவது கூற்றும் ஏறக்குறைய அதே அளவு பலவீனமானது என்பது தமிழில் அதிகம் பேசப்படவில்லை. அந்த இரண்டாவது விதி எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். சென்னையில், அதிலும் அடையாறு–தரமணிப் பகுதியில் நடந்துள்ள சில பணிகள் இக்கேள்வியை எதிர்பாராத பக்கத்திலிருந்து தொடுகின்றன.

பெயரில் உள்ள சிக்கல்

ஆர்.ஓ.எஸ். என்பது ஒரு கூட்டத்தின் பெயர். சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். வேதியியல் நடத்தையில் இம்மூன்றுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. ஹைட்ராக்சில் தனி உறுப்பு நானோ நொடிகளே வாழும். தான் பிறந்த இடத்திலேயே, எதிரில் இருப்பது கொழுப்பா, புரதமா, டி.என்.ஏ.வா என்று பாராமல் தாக்கிவிடும். சூப்பராக்சைடு மின்சுமை உடையது, ஆகவே செல்லின் சவ்வுகளை எளிதில் கடக்காது. அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969 இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். அப்படி ஒரு நொதி எல்லாச் செல்களிலும் காவல் நிற்கிறது என்ற செய்திதான் இத்துறைக்கே உயிர் கொடுத்தது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இவற்றினின்று வேறுபட்டது. அது தனி உறுப்பே அல்ல. சற்று நிலையானது, நீர் செல்லும் அக்குவாபோரின் துளைகள் வழியாகச் சவ்வைக் கடக்கிறது, சில புரதங்களின் குறிப்பிட்ட சிஸ்டீன் எச்சங்களோடு மட்டும் விரைந்து வினைபுரிகிறது. செய்தி கொண்டுசெல்லும் மூலக்கூறுக்கு வேண்டிய தகுதிகள் இவைதாம். ஆரோக்கியமான செல்லுக்குள் அதன் செறிவு ஏறத்தாழ 1 முதல் 100 நானோமோலார் வரை இருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. காயம் கழுவ மருந்துக் கடையில் வாங்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த உச்ச அளவைக் காட்டிலும் 80 லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணுவது, சமையலுக்கு ஏற்றிய அடுப்பையும் காட்டுத்தீயையும் ஒரே சொல்லால் குறிப்பதற்கு ஒப்பானது.

தமிழாக்கங்கள் இக்குழப்பத்தைக் கூட்டியுள்ளன. 'இனங்கள்' என்று பெயர்த்ததைப் படிக்கும் மாணவருக்கு உயிரினம் நினைவுக்கு வருகிறது. 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்பதோ மன அழுத்தத்தின் உறவினர் போல ஒலிக்கிறது; சில உடல்நலக் கட்டுரைகள் இரண்டையும் உண்மையிலேயே ஒன்றாக்கிவிடுகின்றன. இதற்கு மாறாக, குருத்தணு என்ற சொல் நன்றாக அமைந்தது. தென்னங்குருத்து எதுவாக விரியும் என்பது அதனுள் சுருண்டிருப்பதைப் போல என்ற படிமம் ஆங்கிலச் சொல்லிலேயே இல்லை.

நஞ்சுக் கருத்தின் வேர் பழையது. 1956 இல் டென்ஹம் ஹார்மன் முதுமைக்குத் தனி உறுப்புகளே காரணம் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். 1985 இல் ஹெல்முட் சீஸ் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை வரையறுத்தார். சீஸ் சொன்னது சமநிலை குலைவதைப் பற்றி. சமநிலை என்ற சொல் உதிர்ந்து, குலைவு மட்டுமே பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

விதி உருவான விதமும் உடைந்த விதமும்

குறைந்தால் குருத்தணு, கூடினால் மாற்றம் என்ற விதிக்கு மூலமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 2000 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் மார்க் நோபிள் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. வளரும் எலியின் நரம்பு மண்டலத்திலிருந்து எடுத்த முன்னோடிச் செல்களுள், ஒடுக்க நிலையில் இருந்தவை தம்மைப் பெருக்கிக்கொண்டன. ஆக்சிஜனேற்ற நிலை கூடியவை முதிர்ந்த செல்களாக மாறின. வெளியிலிருந்து கொடுக்கப்பட்ட வளர்ச்சிக் காரணிகளும் தைராய்டு ஹார்மோனும் செல்லின் இந்த நிலையை மாற்றியே தம் வேலையைச் செய்தன என்பதும் அதில் காட்டப்பட்டது. நல்ல ஆய்வு. ஆனால் அந்தச் செல்கள் நியூரானைத் தருபவை அல்ல. அவை கிளையா முன்னோடிகள். முதிர்ந்தால் நரம்பிழைக்கு உறை போடும் ஆலிகோடென்ட்ரோசைட்டாக மாறுபவை. ஆய்வின் தலைப்பிலேயே இது உள்ளது. நியூரான் உருவாவதற்குச் சான்றாக இதை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தலைப்பையும் தாண்டிச் சென்றிருக்கின்றன.

நியூரானோடு நேரடித் தொடர்புடையது 2005 இல் வந்தது. எலிக் கருவின் மூளைச் செல்களை ஆர்.ஓ.எஸ். அளவைக் கொண்டு பிரித்தபோது, அளவு கூடியவற்றுள் புதிதாகப் பிறந்த நியூரான்களே மிகுந்திருந்தன. அவற்றில் மைட்டோகாண்ட்ரியப் புரதங்களும் கூடியிருந்தன. விதிக்கு இது பொருந்துகிறது. எனினும் கூடிய ஆர்.ஓ.எஸ். நியூரானை உருவாக்கியதா, நியூரானாக மாறிய செல்லில் மைட்டோகாண்ட்ரியா பெருகியதால் ஆர்.ஓ.எஸ். கூடியதா என்பதை இத்தகைய ஆய்வால் பிரித்தறிய முடியாது. திருமண மண்டப வாசலில் செருப்புகள் குவிந்திருப்பதால் செருப்புகளே திருமணத்தை நடத்தின என்று யாரும் சொல்வதில்லை.

2008 இல் நேச்சர் செல் பயாலஜி இதழில் வந்த பெர்லின் ஆய்வு விதியை நேராகவே மறுத்தது. அதில், மிதமான ஆக்சிஜனேற்றம் நரம்பு முன்னோடிச் செல்களின் பெருக்கத்தை அடக்கி, அவற்றை நியூரானுக்குப் பதிலாக ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா செல்லாக மாற்றியது. ஒடுக்க நிலை இதற்கு எதிரான விளைவைத் தந்தது. நியூரானாக மாறத் தூண்டும் மேஷ் 1 என்ற புரதத்தை, சர்ட் 1 என்ற நொதி, ஹெஸ் 1 என்ற புரதத்தோடு சேர்ந்து அடக்குகிறது என்ற வழிமுறையும் காட்டப்பட்டது. அதாவது இங்கே ஆக்சிஜனேற்றம் கூடினால் நியூரான் குறைகிறது.

2011 இல் கலிஃபோர்னியாவிலிருந்து, செல் ஸ்டெம் செல் இதழில், மூன்றாவது விடை வந்தது. வேகமாகப் பெருகும், பலவகைச் செல்களாக மாறும் திறனுள்ள நரம்புக் குருத்தணுக்களில்தான் ஆர்.ஓ.எஸ். கூடுதலாக இருந்தது. அதைக் குறைத்தபோது குருத்தணுக்களின் இயல்பான செயல்பாடே கெட்டது. ஆய்வாளர்கள் தம் சுருக்கத்திலேயே இம்முடிவு தமக்கு ஓரளவு வியப்பளித்ததாக ஒப்புக்கொண்டனர். அவர்களது செல்களில் ஆர்.ஓ.எஸ். பெருக்கத்தையும் நியூரான் உருவாவதையும் சேர்த்தே ஊக்குவித்தது.

2016 இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த ஆய்வு மைட்டோகாண்ட்ரியாவின் வடிவத்தைப் பார்த்தது. நீண்ட இழைகளாக இருந்தவை துண்டுகளாகும்போது ஆர்.ஓ.எஸ். சற்றுக் கூடி, என்.ஆர்.எஃப். 2 என்ற புரதத்தின் வழியாக, குருத்தணு நிலையைக் காக்கும் நாட்ச் சமிக்ஞையை அடக்குகிறது. செல் நியூரான் பாதையில் இறங்குகிறது. விதி மீண்டும் உயிர் பெற்றது போலத் தோன்றியது. பின்னர் 2021 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியை ஆராய்ந்தவர்கள், பிரியாமல் உறங்கிக் கிடக்கும் குருத்தணுக்களில்தான் ஆர்.ஓ.எஸ். மிக உயர்ந்த அளவில் இருக்கிறது என்றும், பெருகும் செல்களிலும் மாறும் செல்களிலும் அது தாழ்ந்திருக்கிறது என்றும் காட்டினர். எலியை ஓடவிட்டால், உறங்கும் செல்களில் ஒரு குறுகிய ஆர்.ஓ.எஸ். எழுச்சி ஏற்பட்டு, அவை விழித்துப் பிரியத் தொடங்கின. அந்த எழுச்சிக்கு நாக்ஸ் 2 என்ற நொதி தேவைப்பட்டது. நாக்ஸ் 2 இல்லாத எலியில் வழக்கமான நியூரான் உற்பத்தி கெடவில்லை. ஓட்டத்தால் வரும் கூடுதல் பெருக்கம் மட்டும் மறைந்தது.

இவ்வாய்வுகளை வரிசையாகப் படிப்பவருக்கு, கூடுதலான ஆர்.ஓ.எஸ். உறங்கும் செல்லின் அடையாளமாகவும், பெருகும் செல்லின் அடையாளமாகவும், புதிய நியூரானின் அடையாளமாகவும், ஆஸ்ட்ரோசைட்டாக மாறுவதற்கான காரணமாகவும் தோன்றும். பொதுவாக எழுதப்படும் மீளாய்வுக் கட்டுரைகள் இம்முரணை, ஆர்.ஓ.எஸ். விளைவுகள் சூழலைச் சார்ந்தவை என்ற ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த வரி பொய்யில்லை. ஆனால் எந்தச் சூழல் என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. கருவின் பெருமூளைப் புறணி, வளர்ந்த எலியின் மூளை அறையோரப் பகுதி, ஹிப்போகாம்பஸ், கண்ணாடித் தட்டில் மிதக்கும் செல் உருண்டை ஆகிய நான்கும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக அச்சிடப்படுகின்றன. அட்டவணைக்கு நான்கும் சமம்தான், செல்லுக்கு அப்படி இல்லை.

எதை அளந்தார்கள்

முரணில் ஒரு பங்கு அளக்கும் கருவியிலிருந்தே வருகிறது. மாணவர் ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படுவது டி.சி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒளிரும் சாயம். செல் பச்சையாக ஒளிர்ந்தால் ஆர்.ஓ.எஸ். கூடியது என்று எழுதப்படுகிறது. உண்மையில் இச்சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. இடையில் இரும்போ பெராக்சிடேஸ் நொதியோ வேண்டும். செல்லில் இரும்பு கூடினாலும் ஒளி கூடும். போதாததற்கு, வினையின் இடைநிலையில் இச்சாயமே சூப்பராக்சைடை உண்டாக்கக்கூடும். தன் நிழலையே அளக்கும் அளவுகோல் இது. 2022 இல் நேச்சர் மெட்டபாலிசம் இதழில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த மூலக்கூறு என்று சொல்லாமல் பொதுவாக ஆர்.ஓ.எஸ். என்று எழுதுவதைத் தவிர்க்கக் கோரியது. கடந்த 25 ஆண்டு இலக்கியத்தின் கணிசமான பகுதி இக்கோரிக்கைக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

செல்லை வளர்க்கும் முறை அடுத்த சிக்கல். மூளைத் திசுவில் ஆக்சிஜன் அளவு சில சதவீதமே. வழக்கமான வளர்ப்புப் பெட்டியில் செல்கள் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவான 20 சதவீத ஆக்சிஜனில் வாழ்கின்றன. 2000 ஆம் ஆண்டிலேயே, 3 சதவீத அளவில் வளர்த்த எலி நரம்பு முன்னோடிகள் வேறுவிதமாகப் பெருகி, வேறு விகிதத்தில் நியூரான் தந்தன என்று காட்டப்பட்டிருந்தது. அதிக ஆக்சிஜனில் வாடும் செல்களைக் காக்க, நரம்புச் செல் வளர்ப்பில் உலகெங்கும் சேர்க்கப்படும் பி 27 என்ற கலவையில் வைட்டமின் ஈ, குளூட்டாதியோன், கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஆகியவை ஏற்கெனவே உள்ளன. ஆன்டிஆக்சிடன்ட் குளத்தில் செல்லை மிதக்கவிட்டு, அதன் மேல் ஒரு துளி ஆன்டிஆக்சிடன்ட் விட்டால் என்ன ஆகும் என்று சோதிக்கும் நிலை இது. ஆன்டிஆக்சிடன்ட் நீக்கிய பி 27 கலவையும் விற்கப்படுகிறது. ஓர் ஆய்வு எதைப் பயன்படுத்தியது என்பதை அறிய, முடிவுரையை விட்டுவிட்டு செய்முறைப் பகுதியின் நடுவில் தேட வேண்டும். இத்துறைக் கட்டுரைகளை வாசிக்கும் மாணவர் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே.

அடையாற்றிலிருந்து இரு பணிகள்

அடையாறு சர்தார் படேல் சாலையில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் நடந்த இரண்டு பணிகள் இங்கு நினைக்கத்தக்கவை. இரண்டுமே நரம்புக் குருத்தணுவின் ஆர்.ஓ.எஸ். விதியைச் சோதிக்கச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் விதிக்கு இல்லாத இரு பரிமாணங்களை, அதாவது காலத்தையும் இடத்தையும், அவை எடுத்துக் காட்டுகின்றன.

முதலாவது, உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த ஜி.கே. சுரேஷ்குமார் குழுவினர் 2019 இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. எச்.சி.டி. 116 என்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் சூப்பராக்சைடின் அளவு நிலையாக இல்லாமல், ஒரு தாளத்தோடு ஏறி இறங்குகிறது என்று அவர்கள் கண்டனர். சூப்பராக்சைடைத் தூண்டும் மெனடியோன் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தபோது அத்தாளம் புதிதாகத் தொடங்கியது. மருந்தின் செறிவு கூடக் கூட, தாளத்தின் கால அளவு குறைந்தது. பி 53 என்ற புரதம் இருந்தால்தான் இது நிகழ்ந்தது. தாளம் மாறிய செல்கள் மருந்துக்கு மேலும் எளிதாக ஆட்பட்டன.

புற்றுநோய்ச் செல்லில் கண்டதை நரம்புக் குருத்தணுவுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வது மேலே குறைகூறிய அதே பிழையைச் செய்வதாகும். எனினும் ஒரு கேள்வி எழுகிறது. பெர்லின் ஆய்வில் வந்த ஹெஸ் 1, மேஷ் 1 ஆகிய புரதங்களின் அளவு நரம்பு முன்னோடிச் செல்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்பதை ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த கெகேயாமா குழுவினர் 2013 இல் சயன்ஸ் இதழில் காட்டினர். மேஷ் 1 ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் செல் பெருகுகிறது, உயர்ந்து அங்கேயே நின்றால் நியூரானாகிறது. ஒரே புரதம், ஒரே செல். அளவு மட்டுமல்லாமல் அளவு மாறும் விதமும் செல்லின் வழியைத் தீர்மானிக்கிறது. இப்படி ஊசலாடும் புரதங்களோடு உறவாடும் ஆர்.ஓ.எஸ்.ஸை ஒரே ஒரு மணி நேரத்தில் செல்லை நிறுத்தி அளந்துவிட்டு, கூடுதல் என்றோ குறைவு என்றோ எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது? டிரெஸ்டன் ஆய்வில் கண்ட எழுச்சியும் கணநேரத்தில் வந்துபோவதுதான். சராசரியை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.

இரண்டாவது பணி இடத்தைப் பற்றியது. ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022 இல் தொடங்கப்பட்டது. மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் இயங்கும் அம்மையம், மனிதக் கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, செல் அளவு துல்லியத்தில் படமாக்கி, 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தை 2024 டிசம்பரில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. கர்ப்பகாலத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூளைகளின் 5,132 சீவல்கள் எண்ணிம வடிவில் பதிவாயின. மூளை அறையோரத்தில் குருத்தணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதையும், அங்கிருந்து வெளிநோக்கிப் புறப்பட்ட செல்கள் அடுக்கடுக்காக அமைவதையும் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கணினியில் அமர்ந்தபடி பார்க்கலாம். எலியை வைத்தே எழுதப்பட்ட துறையில் மனித மூளையின் சான்று இவ்வளவு விரிவாகக் கிடைப்பது பெரிய காரியம். எலிக் கருவில் சில நாட்களில் முடியும் நியூரான் உற்பத்தி மனிதக் கருவில் மாதக்கணக்கில் நீள்கிறது. பெல்ஜியத்தின் வாண்டர்ஹேகன் குழுவினர் 2020 இல் காட்டியபடி, செல் பிரிந்த பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் வடிவத்தால் அதன் எதிர்காலம் மாறக்கூடிய கால இடைவெளியே மனிதச் செல்லில் எலியைவிட நீண்டது.

தரணியின் எல்லையையும் சொல்ல வேண்டும். அது இறந்த திசுவின் படம். நானோ நொடி வாழும் மூலக்கூறுகள் சீவலில் எஞ்சாது; அவை விட்டுச் சென்ற சேதத்தின் தடயங்களே எஞ்சலாம். எனவே தரணியைக் கொண்டு ஆர்.ஓ.எஸ். பற்றி நேரடியாக எதுவும் சொல்ல முடியாது. எந்தச் செல், எந்த இடத்தில், எந்த வாரத்தில் என்ற முகவரியை மட்டும் அது தரும். முரண்படும் ஆய்வுகளின் அட்டவணையில் இல்லாமல் போனது அந்த முகவரிதான்.

துளசியும் மாத்திரையும்

இவையெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கும் வழக்காக முடிந்துவிடுவதில்லை. மயிலாப்பூர் கச்சேரி சாலையிலும் தி.நகர் பனகல் பூங்காவைச் சுற்றியும் வல்லாரைப் பொடியும் துளசி மாத்திரையும் வாங்குபவர்கள் நினைவாற்றலுக்காக வாங்குகிறார்கள். முன்பு பாட்டியின் சொல்லே போதுமானதாக இருந்தது, இன்று உறையில் ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லும் தேவைப்படுகிறது. மூளையில் புதிய செல் வளரும் என்ற வாக்குறுதி அதன் அடுத்த படி.

இங்கு உள்ளூர்ச் சான்றும் உண்டு. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நடந்து, 2007 இல் வெளியான ஆய்வு ஒன்றில், எலிகள் 100 டெசிபல் இரைச்சலுக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றின் மூளைப் பகுதிகளில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் குறிகள் கூடின. துளசிச் சாறு கொடுக்கப்பட்டவற்றில் அவை குறைந்தன. வணிகப் பகுதிக்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கும் பகல்நேர இரைச்சல் 65 டெசிபல். டெசிபல் மடக்கை அளவு என்பதால் 100 டெசிபல் ஒலியின் செறிவு அதைவிட 3,000 மடங்குக்கும் மேல். அவ்வளவு கடுமையான சூழலில் சேதத்தைத் துளசி குறைத்தது என்ற முடிவு மதிக்கத்தக்கது. ஆனால் அந்த ஆய்வு குருத்தணுக்களைப் பற்றியது அல்ல. நியூரான் பிறப்பை அது அளக்கவில்லை, அளந்ததாகச் சொல்லவும் இல்லை. சேதம் குறைந்தது என்பதிலிருந்து புதிய நியூரான் பிறந்தது என்பதற்குத் தாவுவது விளம்பரத்தின் வேலை. முன்னே கண்ட கலிஃபோர்னிய ஆய்வு சரியென்றால், குருத்தணுவில் ஆர்.ஓ.எஸ்.ஸை அளவுக்கு மீறிக் குறைப்பது நியூரான் உற்பத்தியைக் கெடுக்கவும் கூடும்.

வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்கள் பிறக்கின்றனவா என்பதே 2018 இல் ஒரே ஆண்டில் இரு எதிரெதிர் முடிவுகள் வெளியான விவாதம். அதில் இன்னும் முழு உடன்பாடு ஏற்படவில்லை என்பதை எந்த மாத்திரை உறையும் சொல்வதில்லை.

பெரிய அளவில் மனிதரிடம் நடந்த ஆன்டிஆக்சிடன்ட் சோதனைகள் மூளைக் குருத்தணுவைப் பார்க்கவில்லை என்றாலும், குறைத்தால் நன்மை என்ற எளிய எண்ணத்தை அவை முறித்தன. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்து, 1994 இல் முடிவு வெளியான சோதனையில், பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 2011 இல் வெளியான அமெரிக்கச் சோதனை முடிவில், வைட்டமின் ஈ உட்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

அடையாற்றில் இக்கேள்வி மிகவும் கூர்மையாக எழும் இடம் 1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கூடங்கள். கதிர்வீச்சு புற்றுச் செல்லைக் கொல்வதில் பெரும்பங்கு நீரிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புக்கு உரியது. அதே கதிர் குழந்தையின் தலையில் பாயும்போது ஹிப்போகாம்பஸின் குருத்தணுக்களையும் தொடுகிறது. பின்னாளில் கற்றலும் நினைவும் பாதிக்கப்படும் குழந்தைகள் உண்டு. ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் பிள்ளையின் மூளை காக்கப்படாதா என்று ஒரு தாய் கேட்பது இயல்பு. கனடாவின் கியூபெக்கில், தலை மற்றும் கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 540 நோயாளிகளிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் சேர்த்துச் சோதித்தபோது, பக்க விளைவுகளின் கடுமை குறைந்தது. ஆனால் மாத்திரை பெற்றவர்களிடம் இறப்பு கூடியது. அவர்கள் வளர்ந்தவர்கள், புற்றும் வேறு. இருந்தும் அந்தத் தாய்க்கு விடை சொல்லும் மருத்துவர் தயங்குவதற்கு அது போதிய காரணம்.

கதிர்வீச்சுக்குப் பிறகு குருத்தணுக்களுக்கு என்ன ஆகிறது என்பதை மிஷெல் மோன்ஜேயும் உடனாய்வாளர்களும் 2002 இல் எலியில் ஆராய்ந்தனர். தப்பிப் பிழைத்த குருத்தணுக்கள் நியூரானாகாமல் கிளையா பாதையில் சென்றன. தட்டில் எடுத்து வளர்த்தால் அவற்றால் இன்னும் நியூரானைத் தர முடிந்தது. மாறாக, கதிர்படாத நல்ல குருத்தணுக்களைக் கதிர்பட்ட ஹிப்போகாம்பஸில் வைத்தபோது அவை நியூரான் தரத் தவறின. பழுது செல்லைவிட அதைச் சூழ்ந்த இடத்தில் அதிகமாக இருந்தது. அங்கே அழற்சிச் செல்கள் நிறைந்திருந்தன. 2003 இல் அதே குழு இந்தோமெதாசின் கொடுத்துப் பார்த்தபோது நியூரான் உற்பத்தி ஓரளவு மீண்டது. இந்தோமெதாசின் ஆன்டிஆக்சிடன்ட் என்று விற்கப்படுவது அல்ல; மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவரும் பழைய மருந்து.